இன்ஜினியரிங் டெக்னாலஜி, சேஃப்டி, கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்: அமெரிக்காவில் இந்தப் படிப்புகள் என்னதான் சொல்லித்தருகின்றன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட உட்காரும் சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் பலர் ஒரு கட்டத்தில் குழம்பி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சிவில் இன்ஜினியரிங், அதே வளாகத்தில் வேறு கட்டடத்தில் சிவில் இன்ஜினியரிங் டெக்னாலஜி, அதற்குப் பக்கத்து அறையில் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட், சில இடங்களில் கூடவே ஆக்குபேஷனல் சேஃப்டி. விளம்பரப் பக்கத்தில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கும் மாணவர்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழில். பட்டம் வாங்கி லைசென்ஸ், விசா என்று வரும்போதுதான் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது தெரியவரும், அப்போது தெரிந்து பெரிய பயன் இல்லை.

பாடப்பட்டியலை ஒப்பிப்பதைவிட ஒரு விபத்திலிருந்து தொடங்கினால் வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

1978 ஏப்ரல் 27. வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் ஓர் அனல்மின் நிலையத்துக்குக் கான்கிரீட் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து சாரம் கட்டிக்கொண்டு ஏறும் வேலை இல்லை அது. வட்டமாக 5 அடி உயரத்துக்கு ஒரு சுற்றுக் கான்கிரீட் போடுவார்கள், மறுநாள் சாரத்தையும் ஷட்டரிங் பலகைகளையும் மேலே நகர்த்தி, ஏற்கெனவே போட்டிருக்கும் கான்கிரீட்டிலேயே போல்ட் போட்டு முடுக்கி, அதன்மேல் நின்றுகொண்டு அடுத்த சுற்றைப் போடுவார்கள். கான்கிரீட் வாளியை மேலே இழுக்கும் ஏற்பாட்டின் பாரமும் அந்தச் சாரத்தின் வழியாக நேற்றுப் போட்ட கான்கிரீட்டில்தான் போய் இறங்கும். அன்று காலை மூன்றாவது வாளி மேலேறிக்கொண்டிருந்தபோது, முந்தைய நாள் போட்ட 28ஆவது சுற்று நொறுங்கத் தொடங்கியது. சாரம் கோபுரத்தின் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் உரிந்துகொண்டே போனது. ஏறத்தாழ 170 அடி உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்த 51 பேர் விழுந்து இறந்தார்கள்.

அன்றைய நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது இன்று நிஸ்ட் என்று அழைக்கப்படும் அமெரிக்க அரசின் அளவை, தர ஆய்வு நிறுவனம், ஆராய்ந்து சொன்ன முதன்மைக் காரணம் எளிமையானது: பாரம் ஏற்றப்பட்டபோது அந்தக் கான்கிரீட் தாங்கும் அளவுக்கு வலுப்பெற்றிருக்கவில்லை. இரவு குளிராக இருந்தால் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். நாட்காட்டியில் ஒரு நாள் ஓடிவிட்டது என்பதற்காகக் கான்கிரீட்டுக்கு ஒரு நாள் வயதாகிவிடாது.

இந்த ஒரே சம்பவத்தை மூன்று துறைக்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள், மூவரும் வேறு வேறு இடத்தில் விரல் வைப்பார்கள். டெக்னாலஜி படித்தவர், "அந்தச் சுற்றின் வலிமையை அன்று காலை எப்படி அளந்தீர்கள்?" என்பார். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் படித்தவர், "நாளுக்கு ஒரு சுற்று என்று அட்டவணை போட்டது யார், சோதனை முடிவு வராமல் அடுத்த வேலை தொடங்கக் கூடாது என்ற நிறுத்தம் அதில் எங்கே இருக்கிறது, கையெழுத்து யாருடையது?" என்பார். சேஃப்டிக்காரரோ, "சரி, அது உடையலாம் என்றே வைத்துக்கொள்வோம், உடைந்தால் மேலே இருப்பவன் எந்த வழியாக இறங்குவான்?" என்று தொடங்குவார். அந்தக் கோபுரத்தில் ஏறி இறங்க ஒரே ஓர் ஏணிவழிதான் இருந்தது என்பதும் விசாரணையில் பேசப்பட்ட விஷயம்.

இந்தக் கேள்விகளில் எது உங்களுக்குத் தானாக வருகிறதோ அந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துப்போகும் என்பது என் எண்ணம். சம்பளம், தரவரிசை எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் இன்ஜினியரிங் டெக்னாலஜி. நம் ஊர் பி.டெக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நம் பி.டெக் என்பது பி.இ. மாதிரியே முழு இன்ஜினியரிங் பட்டம். அமெரிக்காவில் இது வேறு தடம், அந்தத் தடம் பிரிந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் வரைக்கும் அமெரிக்க இன்ஜினியரிங் கல்லூரிகளில் பட்டறை, வரைபடம், அளவைப்பணி என்று கைவேலைப் பாடங்கள் நிறைய இருந்தன. போரில் ரேடார், அணு ஆராய்ச்சி போன்றவற்றில் இயற்பியல்காரர்கள் முன்னுக்கு வந்ததைப் பார்த்து, இன்ஜினியர்களுக்கு அடிப்படை அறிவியல் போதவில்லை என்ற பேச்சு எழுந்தது. 1955-இல் இன்ஜினியரிங் கல்வி பற்றி வந்த கிரின்டர் அறிக்கை கணிதத்தையும் அறிவியலையும் கூட்டச் சொன்னது, 1957-இல் ஸ்புட்னிக் பறந்தது, கல்லூரிகள் மளமளவென்று கோட்பாட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டன. ஆய்வகத்தில் கை வைத்துச் செய்யத் தெரிந்த ஆள் தொழிற்சாலைக்கும் சைட்டுக்கும் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார், அந்த வெற்றிடத்தில்தான் 1960-களில் நான்கு வருட இன்ஜினியரிங் டெக்னாலஜி பட்டங்கள் வளர்ந்தன.

வகுப்பில் இது எப்படித் தெரியும்? இன்ஜினியரிங் மாணவர் மூன்று செமஸ்டர் கால்குலஸ், அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் என்று போவார், ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று வருவித்துக் காட்டச் சொல்வார்கள். டெக்னாலஜியிலும் கால்குலஸ் உண்டு, ஆனால் பயன்படுத்தும் அளவுக்கு. வருவிப்பில் மிச்சமாகும் நேரம் ஆய்வகத்துக்குப் போகும். கான்கிரீட் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்லம்ப் சோதனைக்கு (கூம்பை எடுத்ததும் ஈரக் கான்கிரீட் எவ்வளவு அமர்கிறது என்று பார்ப்பது) 12 அங்குல உயரக் கூம்பு, அதில் மூன்று அடுக்காகக் கான்கிரீட்டை நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்த வேண்டும், பிறகு கூம்பை 3 முதல் 7 வினாடிக்குள் நேராக மேலே தூக்க வேண்டும். வெடுக்கென்று தூக்கினாலோ லேசாகத் திருகினாலோ அளவு பொய். இதைச் செய்யாமல் சூத்திரம் மட்டும் படித்தவருக்கு, சைட்டில் ஒருவர் கொண்டுவந்து நீட்டும் ஸ்லம்ப் அளவை நம்பலாமா கூடாதா என்று தெரியாது.

அடுத்து சிலிண்டர் சோதனை. நம் ஊரில் கியூப் போடுவார்கள், அங்கே உருளை. ஒரே லாரிக் கான்கிரீட்டில் எடுத்த உருளைகளில் சிலவற்றை ஆய்வகத்தில் சரியான வெப்பத்தில், ஈரத்தில் வைப்பார்கள், இன்னும் சிலவற்றை சைட்டிலேயே, உண்மையான கட்டுமானம் படும் குளிரிலும் வெயிலிலும் விட்டுவைப்பார்கள். முதல் வகை, கான்கிரீட் நிறுவனம் சரியான சரக்கு கொடுத்ததா என்பதைச் சொல்லும். சென்ட்ரிங்கைப் பிரிக்கலாமா, மேலே பாரம் ஏற்றலாமா என்பதைச் சொல்வது இரண்டாவது வகைதான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் வில்லோ ஐலண்ட் மறுபடி நடக்கும். இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள்ளேயே வெப்ப உணரியைப் புதைத்து, எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைக் கணக்கிட்டு வலிமையை மதிப்பிடும் முறை, மெச்சூரிட்டி முறை என்பார்கள். 1973-இல் வர்ஜீனியாவில் கட்டும்போதே இடிந்த ஓர் அடுக்குமாடி, அப்புறம் வில்லோ ஐலண்ட், இந்த இரண்டுக்கும் பிறகு நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் இதில் தீவிரமாக ஆராய்ச்சி செய்தது, 1987-இல் அது ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் தரமுறையாகவே வந்துவிட்டது. டெக்னாலஜி படிப்பின் நல்ல முகம் இதுதான்: அளக்கத் தெரிவது, அளந்ததை எப்போது நம்பக் கூடாது என்று தெரிவது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் வடிவமைப்பில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட புரொஃபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ் வேண்டும், அதை மாநிலங்கள்தான் தருகின்றன, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பின் இன்ஜினியரிங் ஆணையம் அங்கீகரித்த பட்டம் இருந்தால் 4 வருட அனுபவம் போதும், டெக்னாலஜி பட்டத்துக்கு 8 வருடம் கேட்பார்கள். டெக்னாலஜி பட்டத்தோடு லைசென்ஸ் வாங்குவதே கடினமான மாநிலங்களும் உண்டு. ஆக, கட்டமைப்பு வடிவமைப்பாளர் ஆவதுதான் கனவு என்றால் இந்தத் தடம் வேண்டாம். தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, சோதனை, தானியங்கிக் கருவிகள், சைட் இன்ஜினியரிங் என்றால் தாராளமாகப் போகலாம்.

இலங்கை வாசகர்களுக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. அங்கே 2013 முதல் உயர்தரத்தில் (நம் பிளஸ் டூ மாதிரி) தொழினுட்பப் பிரிவு தனியாகவே இருக்கிறது, கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் தனித்தனியாக இயங்குகின்றன. தமிழ்நாட்டுப் பெற்றோருக்குத்தான் இது தலைவலி. பர்டூ பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புகள் இருக்கும் கல்லூரியின் பெயர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட், வீட்டில் போய்ச் சொன்னால் "பாலிடெக்னிக் படிக்கவா அமெரிக்கா போற?" என்று கேட்காமல் விடுவார்களா? அது இளநிலையிலிருந்து முனைவர் பட்டம் வரை தரும் கல்லூரி என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, அது கட்டட வேலைக்கான எம்.பி.ஏ. என்பது. இன்னொன்று, மேஸ்திரி வேலைக்குப் பட்டம் எதற்கு என்பது. கட்டடம் விழாமல் இருக்குமா என்பது வடிவமைப்பாளர் கணக்கு. அது எத்தனை நாளில், எத்தனை டாலரில், எந்த ஒப்பந்தத்தின்கீழ், எந்த வரிசையில் எழும்பும் என்பது இவர்கள் கணக்கு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இதற்கான துறை 1935-லேயே தொடங்கிவிட்டது, நேற்று முளைத்த புதுமை ஒன்றும் இல்லை.

இதில் கற்றுத்தரும் விஷயங்களில் அட்டவணைக் கணக்கை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு அது தேதி போட்ட தாள் மாதிரிதான் தெரியும். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் 30 நாள், தூணும் உத்தரமும் 60 நாள், கூரை 25 நாள், ஆக 115 நாளில் மின்சார அறை தயார். அந்த அறையில் உட்கார வேண்டிய ஸ்விட்ச்கியருக்கு (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய இரும்புப் பெட்டி) விவரத்தாள் தயாரிக்க 15 நாள், ஆர்க்கிடெக்ட் பார்த்து ஒப்புதல் தர 15 நாள், தொழிற்சாலையில் செய்து அனுப்ப 180 நாள், ஆக 210. பெட்டி வந்தபின் பொருத்த 10, சோதிக்க 10, மொத்தம் 230 நாள். இப்போது கட்டட வேலை பிந்துகிறது என்று முதலாளி கத்துகிறார், நீங்கள் கூடுதலாக ஆள் போட்டு, ஓவர்டைம் கொடுத்து, 115 நாள் வேலையை 100 நாளில் முடிக்கிறீர்கள். பள்ளிக்கூடம் எத்தனை நாள் முன்னால் திறக்கும்? ஒரு நாள்கூட இல்லை. கட்டட வரிசைக்கு ஏற்கெனவே 95 நாள் தளர்வு இருந்தது, திறப்பு நாளைப் பிடித்து வைத்திருந்தது அந்த இரும்புப் பெட்டி. ஓவர்டைம் காசை வீணாக்காமல் 15 நாள் எடுக்காமல் 5 நாளிலேயே விவரத்தாளை அனுப்பியிருந்தால் உண்மையிலேயே 10 நாள் மிச்சமாகியிருக்கும். இப்படி எந்தச் சங்கிலி திறப்பு நாளைத் தீர்மானிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கிரிட்டிகல் பாத் முறை, 1950-களின் இறுதியில் டூபான்ட்டும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கியது. இன்று பிரைமவேரா என்ற மென்பொருளில் ஆயிரக்கணக்கான வேலைகளை வைத்து இதையே செய்கிறார்கள். மென்பொருளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த வேலைக்குப் பின் எது வரும், எது எதற்காகக் காத்திருக்கும் என்று சொல்ல சைட் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொன்னால், வரைபடத்திலிருந்து அளவெடுத்து எஸ்டிமேட் போடுவது, ஒப்பந்தச் சட்டம், கணக்கியல், கட்டுமானப் பொருட்கள், மண், கொஞ்சம் ஸ்ட்ரக்சர், ரெவிட் போன்ற முப்பரிமாண மென்பொருட்கள். இவற்றில் ஒப்பந்தப் பாடத்தைப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே கடப்பார்கள், வேலைக்குப் போனதும் அதுதான் சோறு போடும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஏஐஏ (அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் சங்கம்) ஒப்பந்தப் பொது நிபந்தனைகளில், கூடுதல் நாளோ கூடுதல் பணமோ கேட்க வேண்டியிருந்தால் காரணம் தெரிந்த 21 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மழையில் இரண்டு வாரம் வேலை நின்றது, ஓனருக்கும் அது தெரியும், வாயால் எல்லாம் பேசியாயிற்று என்று 22ஆவது நாள் போய் நின்றால் கேட்கும் உரிமையே போய்விடலாம். இதேபோல உத்தரம் போகிற இடத்தில் ஏசி குழாயும் போவதாக வரைபடம் காட்டினால், "சமாளிச்சுக்கலாம்" என்று கட்டிவிடக் கூடாது. ஆர்எஃப்ஐ என்ற கேள்வித்தாளை எழுதி, பதில் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். பேச்சிலேயே காரியம் முடித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் வருடம் இந்த எழுத்துவேலை எரிச்சலாக இருக்கும், அப்புறம் அதன் அருமை தெரியும்.

இந்தப் படிப்பின் நல்ல அம்சம் இன்டர்ன்ஷிப். பல துறைகளில் அது கட்டாயம், கம்பெனிகள் வளாகத்துக்கே வந்து எடுப்பார்கள். அசோசியேட்டட் ஸ்கூல்ஸ் ஆஃப் கன்ஸ்ட்ரக்‌ஷன் நடத்தும் மாணவர் போட்டிகளும் உண்டு, காலையில் வரைபடமும் கேள்வியும் கொடுத்து இரவுக்குள் எஸ்டிமேட், அட்டவணை, பாதுகாப்புத் திட்டம் எல்லாம் கேட்பார்கள், மறுநாள் கம்பெனிக்காரர்கள் முன் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை தேடுபவருக்கு அதைவிட நல்ல நேர்முகம் வாய்க்காது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்கில் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்களின் நடுநிலை ஊதியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது என்பது உண்மை, ஆனால் அது பத்து, இருபது வருடம் சைட்டில் நின்றவர்களையும் சேர்த்த கணக்கு. படித்து முடித்தவுடன் கிடைக்கும் பதவி பெரும்பாலும் ப்ராஜெக்ட் இன்ஜினியர் அல்லது ஃபீல்டு இன்ஜினியர்.

சரி, சேஃப்டி. "ஹெல்மெட் எங்கே?" என்று திட்டிக்கொண்டு திரிகிற ஆள் என்ற படம் நம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. இந்தப் படிப்பு முதல் செமஸ்டரிலேயே அதை உடைத்துவிடும், ஏனென்றால் ஹெல்மெட், கையுறை எல்லாம் கடைசிப் படி. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறு பொருளுக்கு மாற முடியுமா, அதுவும் இல்லையென்றால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஏதாவது கருவியோ தடுப்போ வைக்க முடியுமா, அப்புறம்தான் விதிமுறை, பயிற்சி, அதற்கும் பிறகே உடம்பில் மாட்டும் கவசம். கான்கிரீட்டை ரம்பத்தால் அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுத்துவிடும். அதற்கு முகமூடி கொடுப்பது சோம்பேறி வழி. அறுக்கிற இடத்தில் தண்ணீர் பாய்ச்சும் ரம்பத்தைக் கொடுத்தால் தூசி காற்றுக்கே வராது. அமெரிக்காவில் 2016-இல் வந்த சிலிக்கா விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது, கூடவே எந்தக் கருவிக்கு எந்த ஏற்பாடு என்று ஓர் அட்டவணையையும் கொடுத்தது. அந்தத் தூசியை எப்படி அளப்பது, எந்த நேரத்தில், யார் சட்டையில் பம்ப் மாட்டி அளப்பது என்பதெல்லாம் தொழில்சார் சுகாதாரவியல் என்ற தனிப்பாடம்.

குழி வெட்டும் வேலையைப் பார்த்தால் இந்தத் துறையின் கறார்த்தனம் தெரியும். ஒரு கன கெஜ மண்ணின் எடை ஒரு காருக்குச் சமம், சுமார் 1,300 கிலோ. இடுப்பு வரை புதைந்தவரைக்கூடக் கையால் இழுத்து எடுத்துவிட முடியாது. அதனால் ஓஷா (அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை) விதிப்படி, குழி 5 அடி ஆழத்தை எட்டினால் பக்கவாட்டுச் சரிவோ முட்டுக்கொடுப்போ வேண்டும் (முழுக்கப் பாறையாக இருந்தால் மட்டும் விலக்கு). 4 அடியிலேயே ஏணி வேண்டும், உள்ளே இருப்பவர் அதற்காக 25 அடிக்கு மேல் நடக்கக் கூடாது. தோண்டிப் போட்ட மண் விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 20 அடிக்கு மேல் போனால் லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் வடிவமைத்துத் தர வேண்டும். இவற்றை மனப்பாடம் செய்வதற்கு 30 மணி நேரப் பயிற்சி முடித்து வாங்கும் ஓஷா அட்டையே போதும், நான்கு வருடம் தேவையில்லை. பட்டம் கற்றுத்தருவது வேறு. மழை பெய்த மறுநாள் அதே மண்ணை எந்த வகையில் சேர்ப்பது, "ரெண்டு நிமிஷ வேலைதான் சார்" என்று இறங்கும் ஆளை நிறுத்த போர்மேனிடம் எப்படிப் பேசுவது, விபத்து நடந்தபின் தொழிலாளி தலையில் பழியைப் போட்டுக் கோப்பை மூடாமல் அந்தச் சூழலை உருவாக்கிய முடிவுகள்வரை எப்படிப் பின்னோக்கிப் போவது. கட்டுமானத்தில் மட்டும் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள், மேலிருந்து விழுவதுதான் அதில் முதலிடம். 1970-இல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்து இத்தனை வருடத்துக்குப் பின்னும் இந்த நிலை என்றால் விதி தெரியாதது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

சேஃப்டிக்குத் தனிப் பட்டம் தரும் இடங்களில் இண்டியானா யூனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவும் (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இண்டியானா என்பது பென்சில்வேனியாவில் ஓர் ஊர்) தீயணைப்பு, பாதுகாப்பு இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தரும் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகமும் பெயர்போனவை. தொழிலில் மதிப்புள்ள சான்றிதழ் சிஎஸ்பி (சர்டிஃபைடு சேஃப்டி புரொஃபஷனல்), அதற்கு இளநிலைப் பட்டம், 4 வருட அனுபவம், தேர்வு எல்லாம் வேண்டும். அதற்கு முன்படியாக ஏஎஸ்பி என்று ஒரு தேர்வு இருக்கிறது. சான்று வாரியம் ஏற்றுக்கொண்ட பாடத்திட்டத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு ஜிஎஸ்பி என்ற தகுதி தேர்வில்லாமலே கிடைக்கும், அதை வைத்து ஏஎஸ்பியைத் தாண்டிப் போகலாம். சேர்வதற்கு முன் துறையிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முக்கியமானது.

அங்கீகாரம் என்றதும் ஏபெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏபெட்டுக்குள் நான்கு ஆணையங்கள்: இன்ஜினியரிங், இன்ஜினியரிங் டெக்னாலஜி, கம்ப்யூட்டிங், பயன்முறை மற்றும் இயற்கை அறிவியல். சேஃப்டி பட்டங்கள் பெரும்பாலும் கடைசி ஆணையத்தின்கீழ் வரும். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்டுக்கு 1974-இல் தொடங்கிய ஏசிசிஇ என்ற தனி அமைப்பும் உண்டு, சில துறைகள் ஏபெட்டிடம் போகும், சில இதனிடம் போகும், இரண்டும் மதிப்பானவையே. லைசென்ஸ் விஷயத்தில் எந்த ஆணையம் என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு மதிப்பும் இப்படியே பிரிகிறது: ஒரு நாட்டின் பட்ட அங்கீகாரத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள இன்ஜினியரிங் பட்டங்களுக்கு வாஷிங்டன் ஒப்பந்தம், டெக்னாலஜி பட்டங்களுக்கு சிட்னி ஒப்பந்தம். இந்தியாவின் நேஷனல் போர்டு ஆஃப் அக்ரெடிடேஷன் 2014-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது. இந்த அங்கீகாரம் எல்லாம் பெரும்பாலும் இளநிலைப் பட்டத்துக்குத்தான், எம்.எஸ். படிப்புக்கு இல்லையென்றால் அதையே குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எம்.எஸ். போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. அமெரிக்காவில் ஒவ்வொரு படிப்புக்கும் சிஐபி என்று ஒரு குறியீட்டு எண் உண்டு, மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகி வரும். படித்து முடித்தபின் 12 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி எல்லோரும் கேட்கலாம், அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) பட்டியலில் உள்ள குறியீடுகளுக்கு மட்டும். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் என்ற அதே பெயரை ஒரு பல்கலைக்கழகம் 15.1001 என்ற கட்டுமானத் தொழில்நுட்பக் குறியீட்டிலோ 14-இல் தொடங்கும் இன்ஜினியரிங் குறியீட்டிலோ வைத்திருக்கும், இன்னொன்று 52-இல் தொடங்கும் வணிகவியல் குறியீட்டில் வைத்திருக்கும். முதல் இரண்டுக்கும் நீட்டிப்பு உண்டு. 52.2001 என்று இருந்தால் அந்தக் குறியீடு ஸ்டெம் பட்டியலில் இருந்ததில்லை. பாடம், புத்தகம், கட்டணம் எல்லாம் ஒன்றாகவே இருக்கலாம், இரண்டு வருட வேலை மட்டும் கையைவிட்டுப் போகும். பட்டியலும் விசா விதிகளும் அவ்வப்போது மாறுகிறவை, ஆகவே கன்சல்டன்சிக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் துறைக்கு மின்னஞ்சல் போட்டுக் குறியீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், இதே விஷயங்களை நம் ஊரிலும் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. சென்னை ஐஐடியில் கட்டடத் தொழில்நுட்பமும் கட்டுமான மேலாண்மையும் சிவில் துறைக்குள் தனிப்பிரிவாகவே இருக்கின்றன, புணேவின் நிக்மார் 1980-களிலிருந்து இதற்கென்றே நடக்கிறது. சேஃப்டியில் திருச்சி என்ஐடி எம்.டெக். தருகிறது. தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் ஆக விரும்புகிறவர்கள் சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் தொழில்சார் பாதுகாப்பு உயர்நிலை டிப்ளமோவைத்தான் தேடிப் போகிறார்கள். இந்தியாவில் அந்தப் பதவிக்கு அரசு ஏற்ற பாதுகாப்புத் தகுதி வேண்டும் என்பதால், திரும்பி வந்து இங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருப்பவர் அமெரிக்கப் பட்டத்துக்குக் கடன் வாங்கும் முன், அது இங்கே அந்தத் தகுதியாக எண்ணப்படுமா என்று மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம் கேட்டுவிட வேண்டும்.